மல்டிபாஸ்: பில்ட் நின்ற இரவுகளில் நான் நம்பிய மெய்நிகர் கணினி

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை சில மாதமாக என் மடிக்கணினிக்குத்தான். பகலில் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் லிப்ரஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் தமிழாக்கம்.

இதற்குக் காரணம் அம்மா. ஓய்வுபெற்ற தமிழாசிரியை, லிப்ரஆபிஸின் எழுதும் செயலியான ரைட்டரைத் தமிழ் மெனுவோடுதான் திறப்பார். ஒரு பெட்டியில் சொல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது என்று காட்டினார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துக்கு அளந்து வைத்த இடத்தில் தமிழ் பதினைந்து எழுத்து கேட்டால் அப்படித்தான் ஆகும். சொல்லை மாற்றுவது வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒரு நிமிட வேலை. மாற்றிய சொல் பெட்டிக்குள் அடங்குகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டுமென்றால், மூலநிரலை இறக்கி நாமே பில்ட் செய்தாக வேண்டும், அதாவது அதிலிருந்து ஓடக்கூடிய மென்பொருளைக் கட்டியாக வேண்டும்.

என் கணினி விண்டோஸ் 11 ப்ரோ, 16 ஜிபி நினைவகம். பில்டை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் செய்ய நினைத்தேன். முதலில் மாத வாடகைக்கு ஒரு கிளவுட் விஎம், அதாவது இணையம் வழியே பயன்படுத்தும் மெய்நிகர் கணினி, எடுத்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முதல் அரை மணி நேரம் பறந்தது, அப்புறம் ஊர்ந்தது. கணினியின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் 'எஸ்டி' என்ற எண்ணைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம் விஎம் சிபியு கேட்டுக் காத்திருக்க, அடியில் இருக்கும் இயந்திரம் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட நேரம் அது. அங்கே 80 சதவீதத்துக்கு மேல் நின்றது. மலிவு வாடகையில் சிபியு பங்குக்குத்தான் கிடைக்கும், பில்டுக்கு அது ஒத்துவராது. மாதம் முடிந்ததும் விட்டுவிட்டேன்.

அப்புறம் வந்தது மல்டிபாஸ், நம் கணினிக்குள்ளேயே விஎம் உருவாக்கித் தரும் கருவி. உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனத்துடையது, இலவசம். விண்டோஸ் ப்ரோவில், அதிலேயே உள்ள ஹைப்பர்-வி என்ற விஎம் வசதியின் மேல் ஓடும், ஹோம் பதிப்பென்றால் அதே வேலையைச் செய்யும் விர்ச்சுவல்பாக்ஸ் தேவை. 'லாஞ்ச்' என்று ஒரே கட்டளை கொடுத்தால் உபுண்டு விஎம் தயார். பெயர் வைக்காவிட்டால் ஓர் அடைமொழியும் ஒரு விலங்கும் சேர்த்து அதுவே ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளும். நான் 'தறி' என்று வைத்தேன். கட்டளையில் ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க முடியும், ஆனால் மனதுக்குள் அது தறிதான்.

இதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதுவும் சொல்லாமல் லாஞ்ச் செய்தால் கிடைக்கும் அளவு: 1 சிபியு, 1 ஜிபி நினைவகம், 5 ஜிபி வட்டு. சின்ன நிரலுக்கு அது போதும். லிப்ரஆபிஸ் மூலநிரல் இறங்கி முடிவதற்குள்ளேயே எனக்கு 5 ஜிபி தீர்ந்தது. வட்டைப் பின்னால் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அதனால் தயங்கித் தயங்கி 60 ஜிபி ஆக்கினேன். இப்போது அது சரியான அளவாகத்தான் தெரிகிறது.

அடுத்தது பில்டுக்குத் தேவையான நூலகங்கள், அதாவது லிப்ரஆபிஸ் பயன்படுத்தும் பிற நிரல் தொகுப்புகள். உபுண்டுவில் 'பில்ட்-டெப்' என்று சொன்னால் மொத்தமாக இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை, மூலப் பொதிகளின் முகவரி பட்டியலில் இல்லை என்று திட்டியது. 24.04 பதிப்பில் அந்தப் பட்டியல் 'உபுண்டு.சோர்சஸ்' என்ற கோப்பில் இருக்கிறது. அதில் 'டெப்' என்ற இடத்தில் பக்கத்திலேயே 'டெப்-எஸ்ஆர்சி' சேர்த்து, அப்டேட் கொடுத்தால் போதும். பழைய குறிப்புகளைப் பார்த்து வேறு கோப்பில் தேடி ஒரு மணி நேரம் போனது.

பெரிய தலைவலி நினைவகம்தான். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஎம்மில் பில்ட் நிற்கிறது என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கிறது. வட்டைப் பெரிதாக்கிய கையோடு சிபியுவை 4 ஆக்கினேன், நினைவகத்தைத் தொடவில்லை. நான்கு கோப்புகள் ஒரே நேரத்தில் கம்பைல் ஆகின, அதாவது மூலநிரலிலிருந்து இயந்திர மொழிக்கு மாறின. சில நிமிடத்தில் நின்றது. கடைசி வரியில் 'எரர் 2' என்று மட்டும் இருந்தது. அந்த வரியை நகலெடுத்து இணையத்தில் தேடினேன். உலகத்தில் உள்ள எல்லாப் பிழைகளும் வந்தன.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகனுக்கு வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினேன். உடனே அழைத்தான்.

"அத்தை, கடைசி வரியை விடுங்க. மேல போங்க. முதல்ல எங்க எரர்னு வருது?"

நாற்பது வரி மேலே இருந்தது. நான்கு வேலைகள் சேர்ந்து ஓடும்போது ஒன்று விழுந்தாலும் மற்ற மூன்றும் கையில் இருப்பதை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அதனால் உண்மையான பிழை மேலே புதைந்துவிடுகிறது. அங்கே சிசி1பிளஸ் என்ற கம்பைலர் நிரல் 'கில்ட்' என்று இருந்தது. அதாவது கம்பைலரை யாரோ கொன்றிருக்கிறார்கள், என் நிரலில் பிழை என்று அது எங்கும் சொல்லவில்லை.

"இப்ப டிமெசேஜ் பாருங்க அத்தை. கெர்னல் ஏதாவது சொல்லியிருக்கும்."

டிமெசேஜ் என்பது லினக்ஸின் மையமான கெர்னலின் குறிப்புகளைக் காட்டும் கட்டளை. அதில் சொல்லியிருந்தது. நினைவகம் தீர்ந்துபோனதால் அதிகம் சாப்பிட்ட நிரலை லினக்ஸ் கெர்னலே நிறுத்திவிட்டது. மல்டிபாஸ் பயன்படுத்தும் கிளவுட் வகை உபுண்டு படிமத்தில், நினைவகம் தீர்ந்தால் உதவும் வட்டுப் பகுதியான ஸ்வாப்பும் இருக்காது, ஒதுங்க இடமே இல்லை. சி++ கம்பைல் செய்யும்போது வேலைக்கு 2 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவன் சொன்னான். நான்கு வேலைக்கு 8. விஎம்மை நிறுத்தி, 'செட்' கட்டளையில் நினைவகத்தை 8 ஜிபி ஆக்கி, 4 ஜிபி ஸ்வாப் கோப்பும் சேர்த்தேன். மிச்சம் 8 ஜிபி விண்டோஸுக்கு. அன்று இரவு பில்ட் நிற்கவில்லை. முதல் முழு பில்ட் ஐந்தரை மணி நேரம். காலையில் எழுந்ததும் பல் துலக்காமல் போய்ப் பார்த்தேன், முடிந்திருந்தது.

இரண்டாவது சிக்கல் எனக்குப் பிடித்த சிக்கல், ஏனென்றால் காரணம் அவ்வளவு அழகானது. தமிழாக்கக் கோப்புகளை விண்டோஸில் திருத்தி, அந்தக் கோப்புறையை 'மவுண்ட்' செய்து விஎம்முக்குக் காட்டினேன். விண்டோஸில் பாதுகாப்புக் கருதி மவுண்ட் வசதி மூடியே வரும், நாமே திறக்க வேண்டும். எம்ஆர்டி ரயிலில் வேலைக்குக் கிளம்பும்போது மடிக்கணினியை மூடுவேன், இரவு திறப்பேன். ஒரு நாள் 'கிளாக் ஸ்கியூ, பில்ட் முழுமையாக இல்லாமல் இருக்கலாம்' என்று எச்சரிக்கை. நான் திருத்திய சொல்லும் திரையில் வரவில்லை. மூடியிருந்த நேரத்தில் விஎம்மின் கடிகாரம் நின்றுவிட்டது. விண்டோஸின் கடிகாரம் ஓடியது. இப்போது திருத்திய கோப்பின் நேரம் விஎம்மைப் பொறுத்தவரை எதிர்காலம். எதை மறுபடி கட்டுவது என்று, பில்டை நடத்தும் மேக் நிரல் கோப்பின் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்யும், அதற்குக் குழப்பம் வந்துவிட்டது. விஎம்மை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினேன், நேரம் சரியானது. அதிலிருந்து மூலநிரல், தமிழாக்கம் எல்லாமே விஎம்முக்குள்தான். மவுண்ட் வழியாக ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிப்பது மெதுவாகவும் இருந்தது, அந்தத் தொல்லையும் போனது.

இதெல்லாம் எந்த விஎம்மிலும் வரக்கூடியவை. பிறகு மல்டிபாஸை ஏன் பரிந்துரைக்கிறேன்? தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி உருவாக்குவது இதில் அவ்வளவு சுலபம். பில்ட் நின்றால் மனதில் மூன்று சந்தேகம் வரும். மூன்றையும் ஒரே கணினியில் மாற்றிப் பார்த்தால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும். நான் நூலகங்கள் எல்லாம் நிறுவியதும் விஎம்மை நிறுத்தி, அப்போதைய நிலையின் நகலாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம், ஒரு மாற்றம், ஒரு ஓட்டம். தவறென்றால் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவேன். நிறுவ வேண்டியவற்றை, விஎம் முதல்முறை எழும்போது படிக்கும் கிளவுட்-இனிட் கோப்பில் எழுதிக் கொடுத்தால் புதிய விஎம்மே அவற்றோடு எழுந்து வரும். அந்தக் கோப்பை அண்ணன் மகனுக்கு அனுப்பினேன், அவன் கணினியிலும் அதே தறி எழுந்தது.

சிகேஷ் என்ற கருவியையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கம்பைல் செய்ததை அது நினைவில் வைத்திருக்கும், லிப்ரஆபிஸ் அதைக் கண்டால் தானே பயன்படுத்திக்கொள்ளும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கட்டினாலும் எனக்கு இப்போது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. அதன் இயல்பு அளவு 5 ஜிபிதான், கூட்டி வைப்பது நல்லது.

யாருக்கு இது பொருந்தாது? திரையோடு கூடிய உபுண்டு மேசைத்தளம் உடனே வேண்டும் என்பவர்களுக்கு. மல்டிபாஸ் கொடுப்பது கட்டளை வரி மட்டுமே. ரைட்டரைக் கண்ணால் பார்க்க நான் எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைத்தளம், அதைத் தொலைவிலிருந்து திறக்க உதவும் எக்ஸ்ஆர்டிபி இரண்டையும் நிறுவி, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைகிறேன். 8 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் இவ்வளவு பெரிய பில்டை முயல வேண்டாம். ஆப்பிள் சில்லு உள்ள மேக்கில் வரும் விஎம் ஆர்ம் சில்லு வகை, இன்டெல் கணினிக்குப் பில்ட் செய்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை மேசைக்கு அழைத்து அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினேன். சொல் முழுதாக உள்ளே இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தவர், "இந்த இடத்துல ஒற்று மிகும்மா" என்றார். திருத்திவிட்டேன், தறி ஓடிக்கொண்டிருக்கிறது.