வயதைக் கேட்காத பொம்மைக் கடை

ரங்கூன் என்று நாங்கள் இன்னும் சொல்லிவரும் யாங்கோனில், அனோரத்தா சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில், காளி கோயிலுக்கு ஐந்து நிமிட நடைத் தொலைவில் இருக்கிறது அந்தச் சிறிய கடை. பெயர்ப்பலகை பர்மிய எழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் கடையம்மாவிடம் தமிழிலேயே பேசலாம். எங்கள் வீட்டில் பத்து மாதம், மூன்றரை வயது, எட்டு வயது என மூன்று பேரப்பிள்ளைகள். அவர்களுக்காகத் தீபாவளிக்கு அங்கே மூன்று பொருள்கள் வாங்கினேன். சித்திரையும் பிறந்துவிட்டது, எது தேறியது, எது தேறவில்லை என்று இப்போது சொல்ல முடியும்.

மற்றக் கடைகளில் பெட்டியின் மேல் அச்சிட்ட வயதைக் காட்டி விற்பார்கள். இந்த அம்மா, நான் வயதைச் சொல்லத் தொடங்கியதுமே, "வயசு இருக்கட்டும் ஐயா, புள்ள இப்ப என்ன பண்ணுது, அதைச் சொல்லுங்க" என்றார். இந்த ஒரு கேள்விக்காகவே கடையைப் பரிந்துரைக்கலாம்.

சின்னவனுக்கு வாங்கியது பிட் டைங் டவுங் என்னும் பர்மிய பொம்மை. காகிதக் கூழில் செய்து, அடியில் கனம் வைத்துச் சிவப்பும் பொன்னிறமும் பூசியது. தள்ளிவிட்டாலும் தானே எழுந்து நிற்கும். வைத்ததெல்லாம் வாய்க்குப் போகும் பருவம் என்பதால், கையில் கொடுக்காமல் எட்டத்தில் வைத்துத் தட்டிக் காட்டச் சொன்னார் கடையம்மா. பொம்மை எழும்போதெல்லாம் சிரித்தவன், சில நாளில் அது எழுவதற்கு முன்பே எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினான். ஒருநாள் கண் தப்பிய நேரத்தில் அதன் மூக்கை மென்றுவிட்டான்; உதடெல்லாம் சிவப்புச் சாயம். வாய்ச்சொல்லாகச் சொன்ன எச்சரிக்கையைப் பொம்மையோடு ஒரு சீட்டாகவும் ஒட்டித் தந்திருக்க வேண்டும். இப்போது பதினாறு மாதமாகும் அதே பிள்ளை, மூக்கில்லாத அந்தப் பொம்மையைத் துண்டில் சுற்றித் தட்டித் தூங்கவைக்கிறான்.

நடுவளுக்கு வாங்கிய மரக்கட்டைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். சாயம் பூசாத அறுபது கட்டைகள், 45,000 கியாட். கனம் ஒரு பங்கு, அகலம் இரு பங்கு, நீளம் நான்கு பங்கு என்பது இவ்வகைக் கட்டைகளின் கணக்கு. நியூயார்க்கில் பள்ளி நடத்திய கரோலின் பிராட் நூறாண்டுக்கு முன் வகுத்தது. இரண்டு அரைக்கட்டை சேர்ந்தால் ஒரு முழுக்கட்டை ஆக வேண்டும் என்பதுதான் இதன் உயிர். எனக்கு வந்தவற்றில் நான்கு அரைக்கட்டைகள் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் நீளமாக இருந்ததால், அவற்றை நிறுத்தி மேலே வைத்த பாலம் ஒரு பக்கம் சாய்ந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

முதல் வாரம் அவள் எதையும் கட்டவில்லை. கூடையில் நிரப்பி அறைக்கு அறை சுமந்து கொட்டினாள். பணம் வீண் என்றாள் என் மனைவி. பிறகு வரிசை வந்தது, வரிசைக்குப் பின் கோபுரம். இரண்டு கட்டைகளை நிறுத்தி மேலே ஒன்றை வைக்க மட்டும் பல நாள் திணறினாள். இடைவெளி அதிகமாகிக் கட்டை விழும், அவள் மேல்கட்டையை மாற்றுவாளே தவிரக் கீழ்க்கட்டைகளை நெருக்கமாட்டாள். நெருக்கிய அன்று யாரையும் கூப்பிடவில்லை, தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்தபோது இருவரும் அருகருகே அமர்ந்து, பேச்சில்லாமல், அவரவர் வரிசையை அடுக்கினார்கள். சண்டையோ என்று நினைத்தேன். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பள்ளிக்கு முந்திய வயதுப் பிள்ளைகளைக் கவனித்து 1932 இல் வெளியிட்ட கட்டுரையில், இப்படி அருகருகே இருந்தும் தனித்தனியாக ஆடுவதை ஒரு தனி நிலையாகவே குறித்திருக்கிறார்; சேர்ந்து ஒன்றைச் செய்யும் விளையாட்டு அதற்குப் பிறகே பெருகுகிறது. நாலு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து ஒரு சந்தை கட்டினார்கள். "என் கடை வழியா உன் பஸ் போகக்கூடாது" என்ற வழக்கும் அதனோடு வந்தது. அந்தச் சந்தையைத் தள்ளாடி நடந்துவந்து கலைத்தவன் சின்னவன். பிள்ளைத்தமிழில், நாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சும் சிற்றில் பருவத்தைப் பாடிய புலவர்கள் வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டுதான் பாடியிருக்க வேண்டும்.

பெரியவனுக்கு வாங்கியது சின்லோன் என்னும் பர்மிய ஆட்டத்துக்கான பிரம்புப் பந்து, 6,000 கியாட். இரண்டு மாதத்தில் ஒரு பிரம்பு முனை நீட்டிப் புறங்காலைக் கீறியது, செப்பனிட்டுத் தரும் வழக்கம் கடையில் இல்லை. வட்டமாக நின்று பந்தைத் தரையில் விடாமல் காலால் தட்டும் இந்த ஆட்டத்தில், மரபுப்படி, எதிரணி கிடையாது. யார் ஜெயித்தது என்று தெரியாத ஆட்டம் அவனுக்குப் பொறுக்கவில்லை. தோழர்களோடு எண்ணிக்கை விதி ஒன்றை உண்டாக்கினான். ஐந்து நிமிடம் ஆட்டம், பத்து நிமிடம் விதியைப் பற்றிய தகராறு. அந்தத் தகராறையும் ஆட்டமாகவே எண்ணி நான் தலையிடுவதில்லை.

பௌர்ணமி நாள்களில் கடை இல்லை, ரொக்கம் மட்டுமே. கட்டைகளைச் சில்லறையாகவும் தருகிறார்கள் என்பதால் இன்னும் இருபது சொல்லிவைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் சாமான் என்று ஒதுக்கிய பெரியவனின் மேசைக்கடியில் நேற்றுப் பன்னிரண்டு கட்டைகள் அகப்பட்டன.