அண்ணா நகரில் மூச்சுப் பரிசோதனை: ஒரு மாவு மில்காரனின் அனுபவம்

மதுரை செல்லூரில் 26 வருடமாக மாவு மில் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் பிடித்த இருமல் தை பிறந்தும் விடவில்லை என்று ஒரு லேபில் ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊதி மூச்சின் அளவைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தேன். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. உயரத்தை வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ரிப்போர்ட்டில் 74 சதவீதம், நுரையீரல் சுருக்கம் என்று வந்தது. அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் அண்ணா நகரில் ஒரு நெஞ்சக மருத்துவரின் கிளினிக்குக்குப் போனேன். டெக்னீஷியன் பெண் வெறுங்காலோடு சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளந்தார்: 165 செ.மீ. காலையிலேயே 3 லிட்டர் சிரிஞ்சால் கருவியைச் சரிபார்த்துவிட்டதாகச் சொன்னார். மூக்கில் கிளிப். "அண்ணே, மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி இல்ல, நெஞ்சுல சொட்டுக் காத்து மிச்சமில்லாம தள்ளுங்க" என்று அவரே ஊதிக் காட்டினார். ஆறு விநாடி ஊதுவதற்குள் கண் இருட்டியது. சரியாக மூன்று முறை வரும்வரை விடவில்லை.

ஊதிய காற்றின் அளவு முதல் லேபில் வந்த அதே 3 லிட்டர்தான். ஆனால் இங்கே 91 சதவீதம்! டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து விளக்கினார். சதவீதம் என்பது என் மூச்சை என் வயது, உயரமுள்ள ஆரோக்கியமானவர்களின் மூச்சோடு ஒப்பிடுவது. முதல் லேபின் கருவியில் ஐரோப்பியரை அளந்து போட்ட கணக்கு இருந்திருக்கிறது; இங்கே பார்த்தது நம் நாட்டவர் கணக்கில். 2012இல் வந்த உலகக் கணக்கிலும் இந்தியர்களுக்கென்று தனிப்பிரிவு இல்லையாம். சென்னையில் ஆரோக்கியமான இளவயதினரை அளந்து 1990இல் வெளியிட்டிருக்கிறார்கள். மதுரைப் பக்கத்து ஆட்களை, என் வயதுக்காரர்களையும் சேர்த்து, புகைபிடிக்காதவர்களாகப் பார்த்து அளந்து வைத்தால் எத்தனை குடும்பம் வீண் பயத்திலிருந்து தப்பும்!

அவர் சொன்ன இன்னொன்றும் மனதில் நிற்கிறது. நம் ஆட்களுக்கு மூச்சளவு கொஞ்சம் குறைவு என்பதைப் பிறவி என்று தள்ளிவிடக்கூடாது. சிறுவயதில் சத்தில்லாத சாப்பாடும் அடுப்புப் புகையும்கூடக் காரணமாகலாம். அதனால் 91 வந்ததே என்று என்னைச் சும்மா அனுப்பவில்லை. மில்லில் மாஸ்க் போடச் சொல்லி, ஆறு மாதம் கழித்து இதே கருவியில் திரும்ப ஊத வரச் சொன்னார்.

ஒரே குறை, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது. போகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், பெல்ட்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கில் பார்த்தார்கள் என்று கேட்டு ரிப்போர்ட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.