படிப்புக்குள் வேலையா, வேலைக்குள் படிப்பா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. தனியார் பல்கலைக்கழகமான பிட்ஸ் பிலானி 1973 முதல் நடத்தும் பிராக்டிஸ் ஸ்கூல் முறையில், பொறியியல் மாணவர் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் ஏறத்தாழ 2 மாதங்களும், இறுதியாண்டில் ஐந்தரை மாதங்களும் நிறுவனத்தில் பணியாற்றுகிறார். அதற்கும் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளிகள், உண்டு என்பதால், அது பாடத்திட்டத்தின் பகுதியே தவிர விடுமுறைப் பொழுதுபோக்கன்று. கட்டணம்தான் மலைக்க வைக்கிறது.

இந்நகரத்து விப்ரோவின் திட்டம் இதைத் தலைகீழாக்குகிறது: பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவரைப் பணியில் சேர்த்து, மாதாமாதம் உதவித்தொகை தந்து, தன் செலவிலேயே எம்.டெக். படிக்க வைக்கிறது, பதிலுக்கு 60 மாதப் பணி ஒப்பந்தம். எங்கள் மாடிவீட்டுப் பையனும் இப்படியொரு திட்டத்தில்தான் இருக்கிறான். வார நாள்களில் சில்க் போர்டு நெரிசலைக் கடந்து இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புபவன், சனிக்கிழமை காலையில், அம்மா வைத்த இட்லி ஆறுவதுகூடத் தெரியாமல் மடிக்கணினியில் டேட்டாபேஸ் வகுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்ற நிலையிலுள்ள குடும்பத்துக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஆனால், எந்தப் பிரிவில் நாட்டம் என்பதே தெளியாத பிள்ளையை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போடத் தயங்குவேன்; முதல் முறையிலோ, அவர் இரண்டு அலுவலகங்களைப் பார்த்த பிறகே முடிவெடுக்கலாம்.