8 அடி போர்டிகோவில் ஐந்து வருடம்: வீட்டுக்குள் கார் நிறுத்திய அனுபவம்

கோவையில் எங்கள் வீட்டு போர்டிகோ 8 அடி அகலம், 15 அடி நீளம். 2020-ல் வேகன் ஆர் வாங்கும்போது டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் புக் செய்தோம். வண்டியின் நீளம் 3655 மி.மீ., அகலம் 1620 மி.மீ. அகலத்தில் மிஞ்சுவது 2 அடி 8 அங்குலம். அதைச் சரிபாதியாகப் பிரித்தால் எந்தப் பக்கக் கதவையும் ஒழுங்காகத் திறக்க முடியாது. அதனால் இடது சுவருக்கு முக்கால் அடி விட்டு நிறுத்துகிறேன். டிரைவர் பக்கம் கிட்டத்தட்ட 2 அடி கிடைக்கிறது. மற்றவர்கள் தெருவிலேயே இறங்கிக்கொள்வார்கள்.

எப்போதும் ரிவர்ஸில்தான் உள்ளே விடுவேன். காலையில் கிளம்பும்போது தெருவைப் பார்த்தபடி வெளியே வரலாம்.

2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்பதால் எங்கள் வண்டியிலும் இருந்தது. முதல் ஆறு மாதம் அதை மட்டுமே நம்பினேன். ஒரு நாள் மாலை உள்ளே விடும்போது பின்சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம். மகளின் மூன்று சக்கர சைக்கிள் தரையோடு சாய்ந்து கிடந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தவனுக்கு இறங்கக் கால் வரவில்லை. அவள் படியில் என் அம்மாவின் மடியில் இருந்தாள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

சென்சார் பழுதாகவில்லை. பம்பர் உயரத்திலிருந்து ஒலியலை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத் தூரம் கணக்கிடும் கருவி அது. தரையோடு கிடப்பதும் மெல்லிய கம்பியும் அதற்குத் தப்பிவிடலாம். அன்றிலிருந்து வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு, இறங்கி உள்ளே ஒரு சுற்று நடந்து பார்த்த பிறகுதான் எடுக்கிறேன். அப்போது குழந்தை, பெரியவர் யாராவது ஒருவரின் கைப்பிடியில் இருக்க வேண்டும். “வாங்க, வாங்க, போதுங்க” என்று சொல்ல மனைவி நின்றால், வண்டிக்குப் பின்னால் நிற்கவே கூடாது. என் பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஓரமாக நிற்பார்.

அடுத்து, எங்கே நிறுத்துவது என்ற சிக்கல். கூரையிலிருந்து கயிற்றில் பந்து கட்டித் தொங்கவிட்டோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் அது ஓரிடத்தில் நிற்கவே இல்லை. அப்புறம் சக்கரத்தைத் தடுத்து நிறுத்தத் தரையில் பொருத்தும் ரப்பர் ஸ்டாப்பர் இரண்டு வாங்கினேன். பசையில் ஒட்டியது மூன்று மாதத்தில் பெயர்ந்துவிட்டது. துளை போட்டு போல்ட் முறுக்கியது இன்றுவரை அசையவில்லை. வண்டியைச் சரியான இடத்தில் நிறுத்தி, பின்சக்கரம் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அதன்மேல் பொருத்துங்கள். இந்த ஐந்து வருடத்தில் கொடுத்த காசுக்கு முழுதாக உழைத்த பொருள் இதுதான்.

ஆனால் ஸ்டாப்பர் பின்னால் போவதைத்தான் தடுக்கும். போர்டிகோ தரை, தண்ணீர் வடிய, தெருவை நோக்கிச் சரிவாக இருக்கும். நழுவினால் வண்டி முன்னால்தான் போகும். அதனால் ஹேண்ட் பிரேக்கோடு ரிவர்ஸ் கியரும் போட்டு வைக்கிறேன். மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தபோது, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொண்டு, மெக்கானிக் வந்துதான் விடுவித்தார். இப்போது நாள்கணக்கில் நிறுத்தினால் ரிவர்ஸ் கியர் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னால் மரக்கட்டை வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுகிறேன்.

ஷட்டர் போட்ட கராஜ் உள்ளவர்கள் ஷட்டரை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடவே வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்.

கேட்டையும் கவனியுங்கள். வண்டி பாதி உள்ளே வந்திருந்தபோது காற்றில் கேட் வீசி அடித்து முன்கதவு நசுங்கியது. சுவரில் ஒரு கொக்கி அடித்தோம். கேட்டைத் திறந்ததும் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் வண்டிக்குத் திரும்புகிறேன்.