மணிக்கூடு சொன்ன 170, நெஞ்சுப்பட்டி காட்டிய 184: மூன்று வருடப் பாவனை

இதயத்துடிப்பு அளக்கும் இந்தக் கைமணிக்கூட்டை வாங்கும்போது எனக்கு வயது 50. பிறந்த திகதியைக் கொடுத்தவுடன், உச்ச இதயத்துடிப்பு 170 என்று மணிக்கூடு தானே போட்டுக்கொண்டது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பக்கம் விடியக் காலமை கதைத்துக்கொண்டே ஓடுவேன், துடிப்பு 150 இருக்கும். மணிக்கூடோ 'கடும் பயிற்சி, ஓய்வெடுங்கள்' என்று நிற்கும். அதை நம்பி ஒரு வருடம் வேகத்தைக் குறைத்தே ஓடினேன். அந்த வருடத்தை நினைத்தால் இப்பவும் கவலைதான்.

மணிக்கட்டு அளவீட்டிலும் குறை இருந்தது. ஒருநாள் திரையில் 164. நின்று கழுத்தில் விரல் வைத்து 15 செக்கன் எண்ணினேன்: 31. அதாவது 124. நிமிடத்துக்கு நான் வைத்த அடிகள்தான் 164; துடிப்பென்று அதையே எண்ணியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் நெஞ்சில் கட்டித் துடிப்பு அளக்கும் நெஞ்சுப்பட்டி வாங்கினேன். தொடுமிடத்தைத் தண்ணியில் நனைத்துக் கட்டவேண்டும். காய்ந்திருந்தால் வியர்க்கும்வரை கண்டபடி காட்டும். ஓடி முடிய அலசாமல் விட்டால் உப்புப் பூத்துவிடும்.

முதலில் டொக்டரிடம் போய் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு ஈசிஜி எடுத்தேன், ஒரு குறையும் இல்லை. அதன் பிறகே முழுமூச்சாக ஓடிப் பார்த்தேன். பட்டி காட்டியது 184. சோளகக் காற்றுக்கு எதிரே வேலணைப் பக்கம் சைக்கிள் மிதித்தால் 177க்கு மேல் ஏறாது; எனக்குக் கால்தான் முதலில் களைக்கிறது. 2001இல் தனக்கா என்ற ஆய்வாளரின் குழுவினர் கொடுத்த கணக்கு, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. 50 வயதுக்கு அதன்படியும் 173தான் வருகிறது. ஒரே வயதுக்காரருக்குள்ளேயே 10, 12 துடிப்பு கூடிக் குறைவது வழமை. பெண்களுக்கு 2010இல் குலாட்டி குழுவினர் தனிக் கணக்கு கொடுத்தார்கள்: 206இலிருந்து வயதின் 0.88 மடங்கு. 48 வயது மனைவிக்கு அது 164. பழைய கணக்கில் 172.

வயது போகப்போக இதயத்தின் இயற்கைத் தாளமிடும் கணு மெதுவாகிறது, அட்ரினலினுக்கும் முன்னைப்போல் துள்ளாது. பயிற்சியால் இந்த உச்சத்தை ஏற்ற முடியாது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தத்தைத்தான் கூட்டலாம். சித்திரை வெயிலில் அதே வேகத்துக்கு எனக்கு 12 துடிப்பு கூடக் காட்டும். அது வெக்கையும் வியர்வையும் செய்கிற வேலை, உச்சம் மாறியதல்ல.

அத்தானுக்கும் இதே மணிக்கூடு வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு 61. எவ்வளவு வேகமாக நடந்தாலும் 115ஐத் தாண்டாது. மணிக்கூடு 'இன்னும் வேகம்' என்று சொல்லச்சொல்ல, மனுசன் மூச்சு வாங்க ஓடத் தொடங்கிவிட்டார். கிளினிக்கில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, என்ன குளிசை போடுறியள்?" பிரஷருக்கு பீற்றா புளொக்கர். அந்தக் குளிசை துடிப்பை ஏறவிடாது. "எண்ணைப் பாக்காதேங்கோ. கதைக்கக்கூடிய அளவுக்கு நடவுங்கோ, காணும்" என்றார். குளிசையை நீங்களாக நிப்பாட்டக்கூடாது என்றும் இரண்டு தரம் சொன்னார். இந்த வகைக் குளிசை பாவிப்பவர்கள் வாங்குமுன் இதைக் கட்டாயம் யோசியுங்கள். பெட்டியில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

என் மணிக்கூட்டில் 184ஐக் கையால் பதிந்துவிட்டேன், இப்போது 150க்குச் சத்தம் போடுவதில்லை. அத்தானின் மணிக்கூட்டில் எச்சரிக்கை முழுவதையும் நிறுத்திவிட்டோம். பின்னேரங்களில் முற்றவெளியில் என்னோடு கதைத்துக்கொண்டே நடக்கிறார்.