மயில்கழுத்துச் சுவரோடு நான்கு வருடம்

2021 ஆகஸ்டில் மட்டக்களப்பு கல்லடியிலுள்ள எங்கள் வீட்டு ஹோலில் இரண்டு சுவர்களுக்குக் கடும் மயில்கழுத்து நிறம் அடித்தோம். ஒன்று உள்சுவர். மற்றது கடல் பக்கத்து வெளிச்சுவரின் உள்முகம். அடித்து முடித்த அன்று மாமி வாசலிலேயே நின்றுவிட்டார். “என்ன மனே, வாவியை வீட்டுக்குள்ள கொண்டு வந்திட்டியா?”

கச்சான் காற்று வீசும் வறண்ட மாதம் என்பதால் சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது. மற்றதெல்லாம் பிழை. இரண்டு பூச்சுக்கென்று நான்கு லீற்றர் டின் ஒன்றுதான் வாங்கினோம். கடும் நிறங்களைக் கலக்கும் அடிப் பெயின்றில் வெள்ளை நிறமி மிகக் குறைவு. கீழே இருப்பதை மறைப்பதே அந்த வெள்ளைதான். பழைய கிறீம் நிறம் எட்டிப் பார்க்க, மூன்றாவது பூச்சு தேவைப்பட்டது. அதே கடை, அதே இலக்கம், ஆனாலும் இரண்டாவது டின் கொஞ்சம் பச்சையாக வந்தது. முதலே கணக்குப் பார்த்து வாங்கி, எல்லா டின்னையும் ஒரே வாளியில் கலந்திருக்க வேண்டும். கீழே சாம்பல் நிற அண்டர்கோட் ஒன்று அடித்திருந்தால் மூன்றாவது பூச்சே வேண்டியிருக்காது.

பகலில் சுவர் கடும் நீலமாகத் தெரியும். இரவில் வெள்ளை எல்ஈடி பல்பைப் போட்டால் ஆஸ்பத்திரிபோல் இருந்தது. மஞ்சள் வெளிச்ச பல்ப் மாற்றிய பிறகுதான் பச்சை எழும்பி வந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் பித்தளைக் குத்துவிளக்கும் மருதமுனைக் கைத்தறித் திரையும் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, மாரிக்கு வருவோம். வாடைக் காற்றோடு வரும் மழை நேராக அடிப்பது கடல் பக்கத்துக் கிழக்குச் சுவரில்தான். வெளியே தலைமயிர் அளவு வெடிப்பு இருந்திருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. முதல் மாரி முடிந்து தை மாதம் வெயில் வந்தபோது, உள்ளே மயில்கழுத்து நிறத்தின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளை பூத்தது. சாந்திலுள்ள உப்பு ஈரத்தில் கரைந்து, சுவர் காயும்போது மேலே வந்து படிகிறது. வெள்ளைச் சுவரில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. நான் ஈரத்துணியால் துடைத்தேன். உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய் அடுத்த வாரம் திரும்பி வந்தது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டித்தான் எடுக்க வேண்டும். 2024 நவம்பர் மழையில் பெயின்றே கொப்பளித்துவிட்டது. வெளியே வெடிப்பை அடைத்து, சுவர் காயும்வரை மாதக்கணக்காகப் பொறுத்து, அதற்கு வெள்ளையே அடித்துவிட்டோம்.

உள்சுவர் இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிப் பார்த்தேன், நிறம் வெளிறவில்லை. ஆனால் மினுக்கமில்லாத மற் பினிஷ் என்பதால் கதிரை உரசிய இடமும், பிள்ளைகளின் கைபட்டுத் துடைத்த இடமும் பளபளக்கின்றன. பல்லி எச்சம் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். நுளம்பு மட்டும் தெரியாது, அடிப்பதற்குள் மறைந்துவிடும்.

அந்தச் சுவருக்கு அடுத்த கச்சானில் இன்னொரு பூச்சு அடிக்க இருக்கிறோம். கொஞ்சம் மினுக்கம் உள்ள பெயின்ற், அதே நிறம். மாமி தன் சாமி அறைக்கும் ஒரு லீற்றர் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார்.