‘அனுமதி இல்லை’ என்று அடம்பிடிக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்: மூன்று வழிகளில் எது தேவலாம்?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கிலேயே கீழ்மாடியில் ஒரு தமிழாசிரியர் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து கதவைத் தட்டினார். பைக்குள் அவருடைய செத்துப்போன மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி கேசில்.

“தம்பி, கடையில காட்டினேன். கோப்பெல்லாம் கெட்டுப்போச்சு, மீட்டுத்தர 150 வெள்ளி ஆகும்கிறாங்க.”

என் கணினியில் செருகிப் பார்த்தேன். கோப்புறைகள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. அவர் பெயர் போட்ட கோப்புறையைத் திறக்கப் போனால் மட்டும், இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி. சார், எதுவும் கெடவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பாதுகாப்பு விவரத்தைத் திறந்து காட்டினேன். அனுமதி உள்ளவர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமாக ஓர் எண். அதுதான் அவர். விண்டோஸ் கோப்புகளில் உரிமையாளரின் பெயரை எழுதி வைப்பதில்லை, இந்த எண்ணைத்தான் எழுதி வைக்கிறது. புதிய கணினியில் அதே பெயரில் கணக்குத் திறந்தாலும் எண் வேறாகிவிடும். ஆக, பழைய டிஸ்க்குக்கு இப்போது அவரும் அந்நியர், நானும் அந்நியன்.

இந்த இடத்தில் ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள்.

அதிகம் பேர் சொல்வது உரிமையை மாற்றிக்கொள்வது. அந்தப் பெட்டியிலேயே ‘தொடர்க’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் உங்கள் கணக்கை அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்த்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் டேக்ஓன், ஐகேக்கல்ஸ் என்று இரண்டு கட்டளைகள். இங்கே பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். டேக்ஓன் உரிமையாளரை மட்டும்தான் மாற்றும். உரிமையாளர் ஆனவுடன் படிக்க அனுமதி தானாக வந்துவிடாது. அதை ஐகேக்கல்ஸ் கொண்டு தனியாகக் கொடுக்க வேண்டும். “டேக்ஓன் பண்ணியும் திறக்கல” என்று புலம்புபவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டாம் படியை விட்டவர்கள்தான்.

எனக்கு இந்த வழி பிடிக்காது. நம் வேலை படித்து எடுப்பது மட்டும். அதற்காக ஒவ்வொரு கோப்பின் அனுமதியையும் திருத்துவது, வயதான டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான முறை எழுதுவது. எப்போது மூச்சை விடுமோ என்றிருக்கும் டிஸ்க்கில் அது வேண்டாத வேலை. பாதியில் நின்றால் சில கோப்புக்குப் பழைய அனுமதி, சில கோப்புக்குப் புதியது என்று குழம்பிக் கிடக்கும். அதே டிஸ்க்கை இனி நீங்களே தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் சரி, செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சி டிரைவ் முழுவதற்கும் மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்புறம் விண்டோஸை மறுபடி நிறுவும் வேலை தனியாக வந்து சேரும்.

நான் முதலில் கைவைப்பது ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, எதையும் இறக்க வேண்டியதில்லை. இதில் பி என்று ஒரு சுவிட்ச் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்) உண்டு. பேக்கப் பாணியில் படி என்று பொருள். நிர்வாகிகளுக்கு விண்டோஸ் ஒரு தனிச் சலுகை வைத்திருக்கிறது. காப்புப் பிரதி எடுப்பதற்காக என்றால் அனுமதிப் பட்டியலைப் பார்க்காமலே கோப்பைப் படிக்கலாம். மூல டிஸ்க்கின் அனுமதிகளில் ஒன்றையும் மாற்றத் தேவையில்லை. சாருக்கு நான் தட்டியது இதுதான் (ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், இங்கே ஒலியை மட்டும் தருகிறேன்):

ரோபோகாப்பி ஈ:\யூசர்ஸ்\சார் எஃப்:\சார் /ஈ /பி /ஆர்:1 /டபிள்யூ:1 /எக்ஸ்ஜே

ஈ: பழைய டிஸ்க், எஃப்: நகல் போய்ச்சேரும் டிஸ்க். /ஈ என்றால் உள்கோப்புறைகளையும் சேர்த்து. கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பேக்கப் உரிமை உங்களுக்கு இல்லை என்று முதல் வரியிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆர் (எத்தனை முறை மறுபடி முயல்வது), டபிள்யூ (நடுவே எத்தனை விநாடி காத்திருப்பது) இரண்டையும் மறந்தால் தொலைந்தது. ஒரு கோப்பு மக்கர் செய்தால் ரோபோகாப்பி இயல்பாக 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கோப்புக்கு ஏறக்குறைய 347 நாள். தைப்பூசத்தில் தொடங்கினால் அடுத்த தைப்பூசம் நெருங்கும்வரை அங்கேயே நிற்கும். எக்ஸ்ஜே என்பது, கோப்புறைபோல வேடம் போட்டு வேறு இடத்தைக் காட்டும் இணைப்புகளைத் தவிர்ப்பதற்கு. அதை விட்டால் சில நேரம் தன்னைத்தானே சுற்றி நகலெடுத்துக்கொண்டே இருக்கும்.

காப்பிஆல் என்ற சுவிட்சை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். அது பழைய அனுமதிகளையும் சேர்த்தே புது டிஸ்க்குக்குக் கொண்டுபோகும், தலைவலி அங்கேயும் தொடரும். ஒன்றும் சொல்லாவிட்டால் கோப்பு, பண்பு, தேதி மூன்றையும் மட்டும் எடுக்கும். அனுமதி போய்ச்சேரும் இடத்துக்கு ஏற்ப அமையும். நமக்கு வேண்டியதும் அதுதான். ‘மிர்’ போட்டால் போய்ச்சேரும் இடத்தில் ஏற்கெனவே இருப்பவற்றில் மூல டிஸ்க்கில் இல்லாததை அழித்துவிடும், ஜாக்கிரதை.

சாரின் டிஸ்க்கில் எக்ஸ்ப்ளோரர் (கோப்புறைகளைத் திறந்துகாட்டும் விண்டோஸ் சாளரம்) திணறியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் கோப்புகளுக்குப் பெயர் வைக்கமாட்டார், முன்னுரையே எழுதுவார். விண்டோஸில் முழுப் பாதைக்கு 260 குறிகள் என்ற பழைய வரம்பு எக்ஸ்ப்ளோரரை இன்னும் விடவில்லை. தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ‘தேர்வுத்தாள்கள்’ நம் கண்ணுக்கு 8 எழுத்து, கணினிக்கு 15. உயர்நிலை நான்கு, அரையாண்டு, வாய்மொழி என்று நாலு கோப்புறை உள்ளே போனால் வரம்பு தாண்டிவிடும். இதையும் பலர் அனுமதிக் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரோபோகாப்பிக்கு இந்த வரம்பு கிடையாது.

மூன்றாவது, விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளம் லினக்ஸ். 16 ஜிபி பென் டிரைவில் அதன் ஒரு வகையான உபுண்டுவைப் போட்டு, நிறுவாமல் ‘முயன்று பார்’ என்று ஓட்டினால், அது விண்டோஸின் அனுமதிப் பட்டியலைக் கண்டுகொள்வதில்லை. சுட்டியால் இழுத்துப் போடலாம். விண்டோஸே எழும்பாத கணினிக்கு இதுதான் மருந்து. டிஸ்க்கைக் கழற்றவும் வேண்டாம். ஆனால் உபுண்டுவின் சொந்த ஈஎக்ஸ்டி4 வடிவத்தில் உள்ள டிஸ்க்குக்கு நகலெடுத்தால் சாரின் பெயர்கள் மறுபடி மாட்டிக்கொள்ளும். அங்கே ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதாவது 85 குறிதான். எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்தில் உள்ள டிஸ்க்கில் அந்தச் சிக்கல் இல்லை. அதற்கு லினக்ஸின் நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்கில் ‘ஏ’ போட்டு அனுப்பினால் உரிமையாளரை மாற்ற முடியவில்லை என்று வரிவரியாகப் புலம்பும். ‘ஆர்டி’ என்று போட்டால் வாயை மூடிக்கொள்ளும்.

புது மடிக்கணினி என்றால் முழு டிஸ்க்கையும் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருக்க வாய்ப்பு அதிகம். மீட்புச் சாவி இருந்தால் உபுண்டுவும் திறக்கும். சாவி இல்லையென்றால் மூன்று வழியும் ஒன்றுதான், எதுவும் நடக்காது. தனித்தனிக் கோப்புகளைப் பூட்டும் ஈஎஃப்எஸ்ஸும் அப்படியே: பழைய சான்றிதழ் கைவசம் இல்லாமல் உரிமை மாற்றியும் பயனில்லை. டிஸ்க் ‘டக், டக்’ என்று தட்டினால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சாரின் டிஸ்க் தட்டவில்லை. இரவு பத்து மணிக்கு ஓடவிட்டேன், காலையில் பார்த்தால் முடிந்திருந்தது. கடைசியில் வரும் சுருக்கத்தில் ‘தோல்வி’ என்ற பத்தியில் 2. மேலே போய்ப் பார்த்தேன். அனுமதி மறுப்பு என்றால் பிழை எண் 5 வரும். இவை இரண்டும் 23. அந்த இடத்தில் டிஸ்க்கே தேய்ந்திருக்கிறது, எந்த அனுமதி கொடுத்தும் படிக்க முடியாது.

இரண்டின் பெயரையும் சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டும் பழைய வினாத்தாள்கள். “விடு தம்பி, கேள்வியெல்லாம் எனக்கு மனப்பாடம்” என்று பதில் வந்தது.